தண்ணீருக்கு அடியில் ஓர் ஊர்

பத்திரிகையைப் பிரித்ததும் முதலில் எதைப் படிப்பீர்கள்? தொடர்கதையையா, தங்கத்தின் விலையையா? எதுவானாலும் சரி, தினசரிகளில் ஒரு மூலையில் 'மேட்டூர் அணை நீர்மட்டம்' என்று ஓர் எண் வருகிறதே, அதன் மேலும் உங்கள் கண் பட்டிருக்கும். எண் 120 அடியைத் தொட்டால் அணை நிரம்பிவிட்டது. தஞ்சாவூர்க்காரர்களுக்கு அன்றே தீபாவளி! அது இறங்க இறங்க அவர்கள் முகம் வாடும்.

ஆனால், எண் இறங்கும்போது சேலம் ஜில்லாவில் ஒரு விந்தையும் நடக்கிறது. கொளத்தூருக்குப் பக்கத்தில் பண்ணவாடிப் பரிசல் துறை இருக்கிறது. நீர்மட்டம் 80 அடியை நெருங்கினால், அங்கே நட்ட நடு நீரில் பழைய மாதா கோவிலின் கோபுரம் எட்டிப் பார்க்கும். இன்னும் இறங்கினால், ஜலகண்டேசுவரர் கோவில் நந்தி எழுந்து வருவார்; முதலில் தலை, பிறகு கழுத்து, பிறகு முதுகு!

இவை தண்ணீருக்குள் போனது எப்படி? 1924-ல் சென்னை மாகாணமும் மைசூர் சமஸ்தானமும் காவிரி நீரைப் பற்றி ஒப்பந்தம் செய்துகொண்டன. மறு வருஷமே மேட்டூரில் வேலை ஆரம்பமாயிற்று. 1934 ஆகஸ்டில் கவர்னர் ஸ்டான்லி அணையைத் திறந்து வைத்தார். அவர் பெயரே நீர்த்தேக்கத்துக்கும் நிலைத்தது. நிரம்பினால் 93 டி.எம்.சி.க்கும் அதிகமான நீர் நிற்கும்.

அவ்வளவு தண்ணீர் தங்க இடம் வேண்டாமா? ஆற்றங்கரைக் கிராமங்கள்தான் அந்த இடத்தைக் கொடுத்தன. ஜனங்கள் மேட்டு நிலங்களுக்குக் குடிபோனார்கள். வாடகை வீட்டை மாற்றுவதற்கே நமக்கு எத்தனை மனக்கஷ்டம்! கோலம் போட்ட வாசலையும், நீர் சேந்திய கிணற்றையும், கும்பிட்ட சாமியின் கோவிலையும் ஒருசேர விட்டுப் புறப்பட அந்தப் பெண்களுக்கு எப்படித்தான் மனம் வந்ததோ!

ஊரைக் கொடுத்த சீமைக்கு நீர் கிடைத்ததா? உடனே கிடைக்கவில்லை. கிழக்கு, மேற்குக் கரை வாய்க்கால்களில் தண்ணீர் ஓடியது 1955-ல்தான். இன்று சேலம், நாமக்கல், ஈரோடு ஜில்லாக்களில் சுமார் 45,000 ஏக்கருக்கு அவை பாசனம் தருகின்றன. டெல்டாவின் லட்சக்கணக்கான ஏக்கருக்கு முன்னால் இது சிறு பங்குதான்.

மேட்டூர் போனால் பூங்காவையும் பதினாறு கண் மதகையும் பார்த்து, மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். பண்ணவாடிக்கும் ஒரு நடை போய் வாருங்கள். அணை நிரம்பியிருந்தால் நந்தி தெரியாது. ஆனால் பரிசல்காரரைக் கேளுங்கள்; ஊர் இருந்த இடம் எது என்று கையை நீட்டிக் காட்டுவார்.