கேமரன் மலையில் கருவி ஏன் குறைத்துக் காட்டுகிறது?

பள்ளி விடுமுறைக்குக் கேமரன் மலை போகிறீர்களா? பிரிக்காத உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலம் ஒன்றைக் கூடவே எடுத்துச் செல்லுங்கள். ஜெலாப்பாங் கடையில் தொளதொளவென்று இருந்த பொட்டலம், சிம்பாங் பூலாய் மலைச்சாலை ஏறிக் கம்போங் ராஜாவை அடைவதற்குள் பலூன்போல் உப்பிவிடும். உள்ளே இருக்கும் காற்று கூடவில்லை. வெளியிலிருந்து அதை அமுக்கும் காற்றின் அழுத்தம்தான் குறைந்துவிட்டது.

எவ்வளவு குறைகிறது? ஈப்போ வட்டாரத்தில் காற்றழுத்தம் ஏறக்குறைய 1,010 மில்லிபார். சுமார் 1,440 மீட்டர் உயரத்திலுள்ள தானா ராத்தாவில் அது 850-ஐ ஒட்டி இருக்கும். பாதரச அழுத்தமானியைத் தூக்கிக்கொண்டு போனால், இங்கே 76 சென்டிமீட்டரை ஒட்டி நின்ற பாதரசம் அங்கே 64-க்கு இறங்கிவிடும். 1648 செப்டம்பரில் பிரான்சில் செய்ததும் இதே சோதனைதான். பாஸ்கல் கேட்டுக்கொண்டதற்காக அவருடைய அக்காள் கணவர் பெரியே, புய் தெ தோம் மலை உச்சிக்கு ஏறி அளந்து பார்த்தார். அந்த மலை 1,465 மீட்டர். நம் தானா ராத்தாவுக்கு அண்ணன் தம்பி உயரம்!

இனி வாயுக்களுக்கு வருவோம். இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். "மலையில் ஆக்சிஜன் சதவீதம் குறைவு" என்று மாணவர்கள் எழுதுவதுண்டு. சதவீதம் குறைவதில்லை, ஜெலாப்பாங்கிலும் தானா ராத்தாவிலும் அதே 21 சதவீதம்தான். ஒரு கன மீட்டரில் இருக்கும் மொத்த மூலக்கூறுகள்தான் குறைகின்றன.

கரியமில வாயுவை எடுத்துக்கொள்ளுங்கள். திறந்தவெளிக் காற்றில் அது மில்லியனுக்குச் சுமார் 425 பங்கு, அதாவது 425 பிபிஎம். மலை ஏறினாலும் இந்த எண் பெரிதாக மாறாது. ஆனால் எடையாகச் சொன்னால் கதை வேறு. கடல்மட்ட அழுத்தத்தில், 25 பாகையில் ஒரு கன மீட்டரில் 765 மில்லிகிராம். தானா ராத்தாவில் 18 பாகையில் சுமார் 660தான். காற்று சுத்தமாகிவிடவில்லை, மெலிந்திருக்கிறது. அவ்வளவே.

சட்டம் என்று வரும்போது இது விளையாட்டல்ல. மலேசியக் காற்றுத்தர அளவுகோலில் கார்பன் மோனாக்சைடின் 8 மணி நேரச் சராசரி வரம்பு கன மீட்டருக்கு 10 மில்லிகிராம். ஈப்போவில் 9 பிபிஎம் இருந்தால் 10.3 மில்லிகிராம், வரம்பை மீறிவிட்டது. கேமரனில் அதே 9 பிபிஎம்முக்கு 8.9 மில்லிகிராம், தேர்ச்சி! அளவுகளை ஒரே அழுத்தத்துக்கும் வெப்பநிலைக்கும் மாற்றி எழுத வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

"மில்லிகிராம் குறைந்தால் ஆபத்தும் குறையுமே?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. கார்பன் மோனாக்சைடு, இரத்தத்தின் ஹீமோகுளோபினில் இடம்பிடிக்க ஆக்சிஜனோடு போட்டி போடுகிறது. அதைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். எது எவ்வளவு இடம்பிடிக்கும் என்பது இரண்டின் விகிதத்தைப் பொறுத்தது என்று ஸ்காட்லாந்து விஞ்ஞானி ஹால்டேன் காட்டினார். மலையில் இரண்டும் ஒரே அளவில் மெலிவதால் விகிதம் அப்படியே இருக்கிறது. ஆகவே நம் உடம்பைப் பொறுத்தவரை பிபிஎம்தான் நேர்மையான கணக்கு. போதாக்குறைக்கு, அங்கே ஆக்சிஜனும் ஏற்கெனவே குறைவு. குளிருக்காகக் கூடாரத்துக்குள் கரியடுப்பு மூட்டாதீர்கள்.

எடைத்தராசுக்கும் இந்தத் தொல்லை உண்டா? உண்டு, ஆனால் மிகச் சிறிது. ஈப்போவில் சரிபார்த்த மின்னணுத் தராசு, மலையில் ஒரு கிலோவுக்கு அரை கிராமுக்கும் குறைவாகத்தான் பிசகும். தக்காளி வாங்கக் கவலை வேண்டாம்.

கரியமில வாயு காட்டும் சிறு கருவிதான் ஏமாற்றும். அது அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி, வழியிலுள்ள மூலக்கூறுகள் எவ்வளவு ஒளியை விழுங்குகின்றன என்று பார்க்கிறது. மூலக்கூறு குறைந்தால் எண்ணும் குறையும். அழுத்தத்தைத் தானே திருத்திக்கொள்ளாத கருவி, 425 காட்ட வேண்டிய இடத்தில் 360 அளவில் காட்டும். உலகக் காற்றில் 360 இருந்தது 1995 வாக்கில்! வாங்கும்போது உயரத்தைப் பதியும் வசதி உண்டா என்று பாருங்கள். இருந்தால் 1,440 என்று பதிந்துவிட்டு, வெளியே காற்றோட்டமான இடத்தில் சற்று நேரம் வைத்துப் பாருங்கள். எண் 425-ஐ நெருங்கினால் அதை நம்பி வகுப்பறைக்குள் கொண்டுபோகலாம்.