ஔஷதமும் ஏகபோகமும் – 6

1970 ஆம் ஆண்டுச் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை மறுத்ததையும், 2005 இல் அந்தத் தடை நீங்கியதையும் வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். கேரள உயர்நீதிமன்றத்துக்கு 2022 இல் வந்த மார்பகப் புற்றுநோய் மருந்து வழக்கை இவ்வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன்; அதற்குப் பூர்வாங்கமாக 2012 மார்ச் 9 ஆம் தேதியிட்ட நெக்ஸாவர் உத்தரவைப் படிக்க எடுத்தவனுக்கு, அதிலுள்ள ஒரு விஷயத்தைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை.

ஈரலிலும் சிறுநீரகத்திலும் புற்றுநோய் முற்றியவர்களின் ஆயுளைச் சற்றே நீட்டித் தரும் சொராஃபெனிப் என்னும் ஔஷதத்தை நெக்ஸாவர் என்ற பெயரில் விற்ற பேயர் நிறுவனம், ஒரு மாதத்துக்கு வேண்டிய 120 மாத்திரைகளுக்கு ரூ.2,80,428 விலை வைத்திருந்தது. இங்கே விழிஞ்ஞத்தில் வள்ளமேறிப் போய், அகப்பட்ட மீனை அன்றன்றே கரையில் ஏலம் விட்டு ஜீவிக்கும் குடும்பத்தில் ஒருவருக்கு இந்நோய் கண்டு, திருவனந்தபுரத்து ஆர்.சி.சி. என்னும் மண்டலப் புற்றுநோய் மையத்துக்கு அவரை அழைத்துச் செல்ல நேர்ந்தால், வள்ளத்தையும் வலையையும் விற்றாலும் அவ்விலையை எத்தனை மாதம் கொடுத்துக்கொண்டிருக்க முடியும்?

ஹைதராபாத்தின் நாட்கோ நிறுவனம் பேயரிடம் உரிமம் கேட்டுக் கிடைக்காமற்போகவே, காப்புரிமை வழங்கி மூன்றாண்டு கழிந்தபின் பிறர் அரசிடம் கட்டாய உரிமம் கோரலாம் என்னும் 84 ஆம் பிரிவின்படி 2011 இல் விண்ணப்பித்தது. அதை விசாரித்த காப்புரிமைத் தலைமைக் கட்டுப்பாட்டு அதிகாரி பி.எச். குரியன், கேரளப் பிரிவைச் சேர்ந்த ஐ.ஏ.எஸ். அதிகாரி. என்னைப் பிரமிக்கச் செய்தது அவர் முன் பேயர் எடுத்துவைத்த ஒரு வாதம். சிப்லா நிறுவனம் அதே மருந்தை மாதம் ரூ.30,000 அளவில் விற்றுவருகிறது, ஆகவே மக்களின் தேவை நிறைவேறிவிட்டது என்பதே அது. அவ்விற்பனை தன் உரிமையை மீறுவதென்று சிப்லாவின்மேல் டில்லியில் வழக்குத் தொடுத்து, அதை நிறுத்திவிட அந்நிறுவனம் போராடிக்கொண்டிருந்த காலத்தில் சொன்ன வாதம் இது! ஒரு மன்றத்தில் குற்றமென்று முறையிட்ட செயலையே மற்றொரு மன்றத்தில் தன் கடமை நிறைவேறியதற்குச் சாட்சியமாக நிறுத்துவதைக் குரியன் ஏற்கவில்லை. தேவையை நிறைவேற்ற வேண்டியவர் உரிமையை வைத்திருப்பவரே. அவரோ மருந்து வேண்டியிருந்த நூறு பேரில் ஏறத்தாழ இருவருக்குத்தான் அதைக் கிடைக்கச் செய்திருந்தார். நாட்கோ மாதம் ரூ.8,880க்கு மேற்படாமல் விற்கவேண்டும், விற்பனையில் 6 சதவீதத்தைப் பேயருக்குச் செலுத்தவேண்டும், ஆண்டுதோறும் 600 ஏழை நோயாளிகளுக்கேனும் இலவசமாகக் கொடுக்கவேண்டும் என்ற நிபந்தனைகளுடன் உரிமம் பிறந்தது. கண்டுபிடித்தவனின் உழைப்பு அபகரிக்கப்பட்டது என்று கூக்குரலிட்டவர்கள் அந்த 6 சதவீதத்தைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

மேல்முறையீடு சென்னை சென்றது. அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியத்தின் தலைவராக அங்கு வீற்றிருந்தவர் பிரபா ஸ்ரீதேவன். புற்றுநோய் மருந்தான கிளிவெக் தொடர்பாக, தெரிந்த மருந்தின் புதிய வடிவத்துக்கு, குணம் கூடினாலன்றிக் காப்புரிமை மறுக்கும் 3(டி) பிரிவே செல்லாதென்று நோவார்ட்டிஸ் தொடுத்த வழக்கை 2007 இல் தள்ளிய சென்னை உயர்நீதிமன்ற அமர்வின் இரு நீதிபதிகளில் ஒருவரும், ஆர். சூடாமணியின் கதைகளை ஆங்கிலத்தில் பெயர்த்தவரும் அவரே. ஏழை எளியவரின் மருந்தைப் பற்றிய இரண்டு பெரும் விவகாரங்களும் இலக்கிய ரஸனை வாய்ந்த ஒரே நீதிபதியின் பார்வைக்கு வந்தது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது. வாரியம் 2013 மார்ச்சில் உரிமத்தை உறுதிசெய்து, பேயரின் பங்கை மட்டும் 7 சதவீதமாக உயர்த்தியது. 2014 டிசம்பரில் உச்சநீதிமன்றமும் தலையிட மறுத்தது.

இத்தனைக்கும் பிறகு நம் நாட்டில் இரண்டாவது கட்டாய உரிமம் ஒன்று வழங்கப்படவில்லை. பின்னர் வந்த விண்ணப்பங்கள் தள்ளப்பட்டன. சட்டத்திலுள்ள மருந்தைப் பிரயோகிக்கும் துணிவு அரசுக்கு மீண்டும் வரவில்லை என்பதே என் அபிப்பிராயம். தொடக்கத்தில் சொன்ன மார்பகப் புற்றுநோய் மருந்தான ரைபோசிக்ளிப்புக்கு அத்துணிவை வேண்டித்தான் கேரளத்துப் பெண்மணி ஒருவர் நீதிமன்றத்தை அணுகினார். வழக்கு நடக்கும்போதே அவர் காலமாகிவிட, நீதிமன்றம் அதைத் தானாகவே முன்வந்து தொடர்ந்தது. விண்ணப்பிக்க ஒரு கம்பெனி முன்வராதபோது அரசு தானாகவே உரிமம் வழங்கச் சட்டத்தில் என்ன வழியுண்டு என்பதை அவ்வழக்கோடு சேர்த்து அடுத்த வாரம் எழுதுகிறேன்.