மலிவான ‘மவுண்டன் பைக்’ காட்டுப் பாதைக்குத் தாங்குமா?

தடித்த ரயர், முன்னுக்கு ஸ்பிரிங் வைத்த போக், 18 அல்லது 21 கியர், பாரில் பளபளக்கும் ஸ்ரிக்கர். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் கடை வாசல்களில் வரிசையாக நிற்கும் இந்தச் சைக்கிள்களைப் பார்த்திருப்பீர்கள். வெளிநாட்டில் இருந்து மாமா அனுப்பிய காசில் பிள்ளைக்கு இதைத்தான் வாங்கிக் கொடுக்கிறோம். அப்படியான ஒன்றில்தான் நானும் வன்னியின் கிரவல் ஒழுங்கைகளாலும் குளக்கட்டுகளாலும் செய்தி தேடித் திரிகிறேன். காட்டுப் பாதைக்கு இது சரிவருமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: ஓடலாம். ஆனால் கடையில் எடுத்தபடியே கொண்டுபோய் ஓடக்கூடாது.

இந்த விளையாட்டே மலிவான சைக்கிளில் பிறந்ததுதான். 1970களில் கலிபோர்னியாவின் மரின் பகுதி இளைஞர்கள் பழைய, பாரமான சைக்கிள்களை மலைக்கு ஏற்றி மண்பாதையால் கீழே விட்டார்கள். 1976 ஒக்டோபரில் அங்கே ‘ரீபக்’ என்ற பந்தயம் தொடங்கியது. பெடலைப் பின்னுக்கு மிதித்துப் பிடிக்கும் பிரேக் சூடாகி, உள்ளே இருந்த கிறீஸ் எரிந்து போகும். திரும்பவும் கிறீஸ் அடைக்க வேண்டும். அதனால் வந்த பெயர் அது. பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் இல்லாமல், நெல்மூட்டையையும் நோயாளியையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஒழுங்கைகளால் போன, டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட எங்கள் ஆட்களுக்கு இது பெரிய புதினமாக இராது.

பிரச்சினை பெரும்பாலும் பூட்டுவதில்தான். பெட்டியில் அரைகுறையாக வரும் சைக்கிளைக் கடையில் அவசரமாகப் பூட்டித் தருவார்கள். போக் பின்முன்னாகத் திரும்பியிருந்த சைக்கிள்களையும் கண்டிருக்கிறேன். பிரேக் கட்டை ரிம்மில் படாமல் ரயரில் உரசினால், சில நாளிலேயே ரயர் வெட்டுப்படும். முன்சில்லைத் தூக்கிப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் கோன் இறுக்க வேண்டும். பெடல் கட்டையின் நட்டை முதல் கிழமை ஓடிய பிறகு இன்னொருமுறை இறுக்குங்கள். தெரிந்த சைக்கிள் கடைக்காரரிடம் கொடுத்தால் இதெல்லாம் ஒரு மணித்தியால வேலை.

உண்மையான பலவீனம் பின்சில்லில் இருக்கிறது. மலிவான சைக்கிள்களில் பல்லுச்சக்கரக் கூட்டம் புரியில் ஏற்றப்பட்டிருக்கும். செயின் பக்கத்தில் அச்சுக்கு நீளத்துக்குத் தாங்குதல் இல்லை. குழியில் குதித்து விழுந்தால் அச்சு வளையும், சிலவேளை முறியும். ஆகவே பாயாதீர்கள். முன் ஸ்பிரிங்கை நம்பியும் பாயாதீர்கள். அதன் துள்ளலை அடக்க உள்ளே எண்ணெய் இல்லை, அமத்தினால் அப்படியே திருப்பி எறியும். பின்னுக்கும் ஸ்பிரிங் வைத்த சைக்கிள் பார்வைக்கு வடிவு, மற்றப்படி பாரம்தான். மழையில் இரும்பு ரிம் பிரேக்குக்குச் சரியாகப் பிடிபடாது. அலுமினிய ரிம் உள்ளதைப் பார்த்து வாங்குங்கள்.

மணலில் காற்றைக் கொஞ்சம் குறைத்தால் சில்லுப் புதையாது. அளவுக்கு மிஞ்சிக் குறைத்தால் கல்லில் இடிபட்டு ரியூப்பில் பக்கத்துப் பக்கமாக இரண்டு ஓட்டை விழும். நெருஞ்சிக்கும் விடத்தல் முள்ளுக்கும் எந்த ரயரும் தப்பாது. ஒட்டுச் சாமானும் பம்மும் கையில் இருக்கட்டும்.

வேறு நாட்டுச் சைக்கிள் குறிப்புகளில் இல்லாத ஒன்று எங்களுக்கு இருக்கிறது. இலங்கை 2017 டிசம்பரில் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. நிலங்களைத் துப்புரவாக்கக் கொடுக்கப்பட்ட தவணை 2028 ஜூன். போர் முடிந்து பத்து வருடம் கடந்த பிறகும் முகமாலையில் வெடி அகற்றிக்கொண்டிருந்தார்கள். ஆகவே உழவு இயந்திரமும் மாடும் நாளாந்தம் போய்வரும் தடத்தை விட்டு இறங்க வேண்டாம், குறுக்குப் பாதை என்று பற்றைக்குள் திருப்ப வேண்டாம். மாரி வெள்ளம் மண்ணை அரித்த இடங்களில் இன்னும் கவனம். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைக்கு அப்பால் ஒரு அடியும் கூடாது. சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், வந்த சில்லுத் தடத்தாலேயே திரும்பி, கிராம அலுவலருக்கோ பொலிஸுக்கோ சொல்லுங்கள். புதுச் சைக்கிள் வாங்கிக் கொடுக்கிற அன்றே பிள்ளைக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள். 2009க்குப் பிறகு பிறந்தவர்களுக்கு அந்தப் பலகை என்னவென்று தெரியாமலும் இருக்கலாம்.