டிடர்மினன்ட் ஜீரோ ஆனால் ரோபோ ஏன் நிற்கிறது?

‘மேட்ரிக்ஸ் படிச்சு என்ன ஆகப்போகுது?’ - இன்ஜினீயரிங் முதல் செமஸ்டரில் பலர் கேட்பது இது. பதில், சேரப்பணஞ்சேரியை அடுத்த ஒரகடம் கார் ஆலைகளில் இருக்கிறது.

வெல்டிங் ரோபோ கைக்குப் பெரும்பாலும் 6 மூட்டுகள். ஒவ்வொரு மூட்டுக்கும் ஒரு 4×4 மேட்ரிக்ஸ். ஆறையும் வரிசையாகப் பெருக்கினால் கையின் முனை எங்கே என்று தெரியும்.

முனை நினைத்த வேகத்தில் நகர, மூட்டுகள் எவ்வளவு வேகமாகத் திரும்பணும்? அதற்கு இன்னொரு மேட்ரிக்ஸின் இன்வர்ஸ் வேண்டும். கை முழுசா நீண்டால் டிடர்மினன்ட் ஜீரோ, இன்வர்ஸ் கிடையாது. ரோபோ எரர் காட்டி நிற்கும், கூடவே லைனும்.

அண்ணா பல்கலை. 2021 ரெகுலேஷனில் மேட்ரிக்ஸ் பாடமும் பைத்தான் லேபும் ஒரே செமஸ்டரில் வருகின்றன. தலா 1 மீட்டர் நீளத்தில் இரண்டு கம்பிகள் கொண்ட கையை லேபில் எழுதிப் பாருங்க. முழங்கை மடிப்பு 90 டிகிரி என்றால் டிடர்மினன்ட் 1. 10 டிகிரியில் 0.17, 1 டிகிரியில் 0.017. இன்டர்வியூவில் கேட்டால், இந்த மூன்று எண்களை வைத்தே விளக்கலாம்.