இடம் மாறிய வால்வு

திருவனந்தபுரம் பழவங்காடி கணபதிக்குத் தேங்காய் உடைத்துவிட்டு ஸ்ரீசித்ரா மருத்துவமனைக்குப் போகும் குடும்பங்களில் நாகர்கோவில், திருநெல்வேலிக்காரர்களும் உண்டு. அவர்கள் கையில் இருக்கும் ஃபைல்களில் அபூர்வமாக ஒரு பெயர் தென்படும்: எப்ஸ்டைன் குறைபாடு. 19 வயதில் இறந்துபோன ஒரு தொழிலாளியின் இதயத்தில் இதைக் கண்டு, 1866இல் எழுதிவைத்தவர் ஜெர்மன் மருத்துவர் வில்ஹெல்ம் எப்ஸ்டைன்.

இதயத்தின் வலது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே மூன்று இதழ் கொண்ட வால்வு இருக்கிறது. கருவில் இந்த இதழ்கள் தசைச் சுவரிலிருந்து உரிந்து பிரிய வேண்டும். சரியாகப் பிரியாவிட்டால் சுவரோடு ஒட்டியபடி கீழே இறங்கிவிடும். வாசலில் இருக்க வேண்டிய கதவை வீட்டுக்குள்ளே தள்ளிப் பொருத்தியதுபோல், மேலறை பெருத்து, ரத்தத்தை நுரையீரலுக்குத் தள்ளும் கீழறை சுருங்கிவிடும். வால்வு கசியும். மேலறைகளுக்கு நடுவே ஓட்டையும் இருந்துவிட்டால் கெட்ட ரத்தம் நல்ல ரத்தத்தோடு கலந்து உதடும் நகமும் நீலம் பாரிக்கும். சிலருக்கு இதயத்தில் மின்னோட்டத்துக்குக் கூடுதல் பாதை ஒன்றும் இருக்கும். திடீர்ப் படபடப்பு அதனால்தான். குறை லேசாக இருந்தால் நடுவயது வரை தெரியாமலே போவதும் உண்டு.

கண்டுபிடிக்க எக்கோ எனும் இதய ஸ்கேன் போதும். இயல்பான இதயத்திலும் வலப்பக்க வால்வு இடப்பக்க வால்வைவிடச் சற்றுக் கீழேதான் இருக்கும். அந்த இறக்கம் உடற்பரப்பின் சதுர மீட்டருக்கு 8 மில்லிமீட்டரைத் தாண்டினால் எப்ஸ்டைன் என்று முடிவு செய்கிறார்கள். கர்ப்பகால ஸ்கேனிலேயே பிடிபடவும் வாய்ப்புண்டு.

சிகிச்சைக்கு வருவோம். கசியும் வால்வை எடுத்துவிட்டுச் செயற்கை வால்வு வைக்கலாமே என்று தோன்றும். இந்தியாவின் சொந்தச் செயற்கை வால்வு பிறந்ததும் திருவனந்தபுரத்தில்தான். டாக்டர் வலியத்தான் தலைமையில் ஸ்ரீசித்ராவில் பல மாதிரிகள் தோற்ற பிறகு உருவான சித்ரா வால்வு, 1990 டிசம்பரில் முதன்முதலாக மனிதருக்குப் பொருத்தப்பட்டது. பிறகு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் போய்ச் சேர்ந்தது. மகத்தான சாதனை அது. ஆனாலும் எப்ஸ்டைனுக்கு அந்த வகை உலோக வால்வு முதல் தேர்வல்ல. வலப்பக்கம் ரத்தம் அழுத்தம் குறைந்து மெதுவாக ஓடுவதால் அங்கே எளிதில் உறைந்துவிடும். பிரேசிலின் ஜோசே பெட்ரோ தா சில்வா 1990களில் வகுத்த முறையே இன்று பெரிதும் விரும்பப்படுகிறது: ஒட்டிய இதழ்களை உரித்தெடுத்து, கூம்பாகத் தைத்து, உரிய இடத்தில் பொருத்துவது. குழந்தையின் சொந்தத் திசுவே வால்வாகிறது. உறைவுத் தடுப்பு மாத்திரையை ஆயுள் முழுக்க விழுங்க வேண்டியதில்லை என்பதே எனக்கு இதில் பெரிய விஷயமாகப் படுகிறது.

கேரளத்தில் பிறவி இதயக் குறையுள்ள குழந்தைகளுக்கு அரசின் 'ஹிருத்யம்' திட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் உதவுகிறது. பால் குடிக்கையில் குழந்தைக்கு மூச்சிரைத்தாலோ உதடு நீலமானாலோ, வளர்ந்தால் சரியாகிவிடும் என்று காத்திருக்காதீர்கள். ஒரு எக்கோ எடுத்துப் பாருங்கள்.