அச்சு முறுக்கும் வாஃபிளும்

கடந்த டிசம்பர் மாதம், தாராவி 90 அடி சாலையை ஒட்டிய ஒரு சிறிய வீட்டில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து கிறிஸ்துமஸ் பலகாரம் செய்துகொண்டிருந்தோம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த குடும்பங்களில் அச்சு முறுக்கு இல்லாமல் அந்தப் பண்டிகை கடந்துபோவதில்லை. எண்ணெயிலிருந்து எடுத்த முதல் முறுக்கைக் கையில் வாங்கிய அவ்வீட்டுச் சிறுமி, "அத்தை, இது கடையில் விற்கிற வாஃபிள் மாதிரியே இருக்கிறதே!" என்றாள். எல்லாரும் சிரித்தோம். ஆனால் அவள் சொன்னதில் உண்மை இருந்தது.

இரண்டும் இரும்பு அச்சில் பிறக்கும் பண்டங்களே. அச்சு முறுக்கில் காய்ந்த அச்சு மாவுக்குள் இறங்கி, பின்பு எண்ணெய்க்குள் போகிறது. வாஃபிளிலோ காய்ந்த இரண்டு அச்சுத் தகடுகளுக்கு நடுவே மாவு அகப்பட்டுக்கொள்கிறது. ஒன்று பொரிகிறது, மற்றது வேகிறது. இவ்வளவுதான் வித்தியாசம்.

வாஃபிள் என்ற பெயருக்குத் தேன்கூடு என்ற பொருளுடைய பழைய ஜெர்மானியச் சொல்லே வேர் என்பார்கள். அதன் கட்டங்களைப் பார்த்தாலே காரணம் விளங்கும். வேஃபர் என்ற சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததுதான். யாத்திராகமம் 16-ஆம் அதிகாரத்தில் மன்னாவின் ருசிக்கு உவமையாக வரும் தேனிட்ட பண்டத்தை ஆங்கில வேதாகமம் வேஃபர் என்கிறது, நம்முடைய தமிழ் வேதாகமமோ பணிகாரம் என்கிறது. ஐரோப்பாவில் திருவிருந்து அப்பத்தைச் சுடுவதற்கு நீண்ட கைப்பிடியுள்ள இரட்டைத் தகடுகளை உபயோகித்தார்கள். அவற்றின் வழியில் வந்ததே வாஃபிள் இரும்பு. 1869-இல் அமெரிக்காவின் டிராய் நகரத்தைச் சேர்ந்த கொர்னேலியஸ் ஸ்வார்ட்வௌட் என்பவர், அடுப்பின் மேல் வைத்துத் திருப்பிப்போடும் வாஃபிள் இரும்புக்குக் காப்புரிமை பெற்றார். மின்சார இயந்திரங்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தன. 1964-இல் நடந்த நியூயார்க் உலகக் கண்காட்சியில் பெல்ஜியம் நாட்டு வாஃபிள் பெரும் புகழ் அடைந்தது. நம் மும்பையிலோ 2015-இல் தொடங்கிய பெல்ஜியன் வாஃபிள் கம்பெனி போன்ற கடைகளால் பிள்ளைகளுக்கு அது பழக்கமாயிற்று.

கடையில் ஒரு வாஃபிளுக்கு நூறு ரூபாய்க்கு மேல் கொடுக்கவேண்டியிருக்கிறது. மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் அந்தச் செலவு எப்படியிருக்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. வீட்டில் செய்யும் சிறிய மின்சார இயந்திரங்கள் ஏறக்குறைய 1,000 முதல் 2,000 ரூபாய்க்குள் கிடைக்கின்றன. ஆனாலும் அவசரப்பட்டு வாங்கவேண்டாம். பத்துக்குப் பத்து அறையில் ஒரு பாத்திரம் கூடினாலும் பரணில் இடம் தேடவேண்டும். ஆசைக்கு வாங்கி, இரண்டு முறை செய்து, பெட்டிக்குள் திரும்பிப்போன இயந்திரங்களை நான் கண்டிருக்கிறேன். நம் வீட்டு மாவையும் அதில் ஊற்றுவீர்களானால் மாத்திரமே அதற்குக் கொடுத்த பணம் வீணாகாது.

முதலில் இனிப்பு வாஃபிள். ஒரு கப் மைதா, இரண்டு மேசைக்கரண்டி அரிசிமாவு, ஒன்றரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு ஆகியவற்றைக் கலந்துகொள்ளுங்கள். ஒரு முட்டை, முக்கால் கப் பால், மூன்று மேசைக்கரண்டி உருக்கிய வெண்ணெய் ஆகியவற்றைத் தனியே அடித்து மாவில் சேருங்கள். அதிகமாகக் கலக்கக்கூடாது. கட்டி சிறிது இருந்தாலும் பாதகமில்லை. மிகவும் அடித்தால் மைதா இழுவைப்பட்டு, வாஃபிள் தோலைப்போல் ஆகிவிடும். அரிசிமாவை விட்டுவிடாதீர்கள், மொறுமொறுப்பைத் தருவது அதுவே. அச்சு முறுக்கு செய்கிறவர்களுக்கு இதை விளக்கவேண்டுமா? முட்டை சேர்க்காத வீடுகளில் மூன்று மேசைக்கரண்டி தயிர் சேர்க்கலாம்.

அச்சு நன்றாகக் காயாவிட்டால் முறுக்கு அச்சைவிட்டு இறங்காது அல்லவா? இங்கும் அப்படியே. விளக்கு அடையாளம் காட்டும் வரை பொறுத்திருந்து, தகடுகளில் எண்ணெயை இலேசாகத் தடவி, மாவை நடுவில் ஊற்றி மூடுங்கள். ஓரம் வரை நிரப்பினால் வழிந்து மேடையெல்லாம் பாழாகும். மூடியபின் ஆவி புகைபோல வரும். மாவிலுள்ள தண்ணீர் வெளியேறுகிறது என்பதே அதன் பொருள். ஆவி ஏறக்குறைய நிற்கும் வரை, அதாவது நான்கைந்து நிமிடம், மூடியைத் திறக்கவேண்டாம். நடுவில் திறந்தால் வாஃபிள் இரண்டாகப் பிளந்து மேலும் கீழும் ஒட்டிக்கொள்ளும். என் முதல் மூன்று வாஃபிள்களும் அவ்விதமே போயின! வெந்ததைத் தட்டில் அடுக்காமல் கம்பி வலையின்மேல் ஆறவிடுங்கள். ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் ஆவி உள்ளேயே அடைபட்டு அவை நமுத்துப்போகும்.

இனி நம் மாவு. இரண்டாம் நாள் இட்லி மாவில் பொடியாக நறுக்கிய வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை, ஒரு கரண்டி எண்ணெய் சேர்த்து ஊற்றுங்கள். இதற்கு ஆறேழு நிமிடம் ஆகும். வெளியே குழிப்பணியாரத்தின் மொறுமொறுப்பும் உள்ளே இட்லியின் மென்மையுமாக வரும். அந்தக் கட்டங்களில் சட்னி தேங்கி நிற்பது தனி ருசி. அடை மாவும் நன்றாக வருகிறது. ஆனால் ரவா தோசை மாவு வேண்டாம், அது நீர்த்திருப்பதால் ஓரங்களில் வழிந்துவிடும்.

இதில் ஒரு குறையும் உண்டு. ஒரு முறைக்கு ஒன்றிரண்டுதான் வேகும். ஐந்து பேருக்குச் செய்து முடிப்பதற்குள் அம்மா நின்றுகொண்டே இருப்பாள், கடைசியில் ஆறினதே அவளுக்குக் கிடைக்கும். ஆகையால் எல்லாவற்றையும் சுட்டு வலையில் வைத்துவிட்டு, பரிமாறும்போது தோசைக்கல்லில் ஒரு நிமிடம் சூடாக்கிக்கொள்ளுங்கள். அப்போது எல்லாரும் ஒன்றாக உட்காரலாம்.

மின்சாரச் செலவைப்பற்றிப் பயப்படவேண்டாம். 750 வாட் இயந்திரம் 20 நிமிடம் ஓயாமல் எரிந்தாலும் கால் யூனிட்தான். நம் வீடுகளில் ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. ஒரே நீட்டிப்புப் பலகையில் இஸ்திரிப்பெட்டியும் இதுவும் சேர்ந்து ஓடினால் 1,500 வாட்டைத் தொட்டுவிடும். 6 ஆம்பியர் பலகை தாங்குவது 1,380 வாட் அளவுக்கே. ஒயர் சூடேறி உருகுவது அப்படித்தான். ஆகவே சுவரிலுள்ள பிளக்கில் நேராகச் செருகுங்கள்.

சுட்டு முடித்தபின் இயந்திரத்தைத் தண்ணீரில் முக்கவேண்டாம். பிளக்கை எடுத்து, ஆறியபின் ஈரத்துணியால் துடைத்தால் போதும். ஒட்டின துணுக்குகளை எடுக்க மரக்கரண்டியை மட்டும் உபயோகியுங்கள், கத்தி பட்டால் நான்ஸ்டிக் பூச்சு போய்விடும். கட்டங்களின் மூலையில் தங்கும் மாவுக்குப் பழைய பல்துலக்கும் தூரிகை மிகவும் உதவும்.