கரையேறும் படகும் டிராக்டர் கியரும்

பழவேற்காடு முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொண்டால் ஏரிக்கும் கடலுக்கும் நடுவே படகுக்கு வழி இல்லை. கடல் பக்கத்துக் குப்பங்களில் படகை மணல்மீது இழுத்துத்தான் இறக்க வேண்டும், இழுத்துத்தான் ஏற்ற வேண்டும். கட்டுமரம் என்றால் கட்டை அவிழ்த்து, மரம் மரமாகத் தோளில் சுமந்து வந்துவிடலாம். 2004 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகு பெருகிவிட்டது. எஞ்சின், நனைந்த வலை, ஐஸ், மீன் எல்லாம் சேர்ந்தால் எடை ஒரு டன்னைத் தாண்டும். சோழமண்டலக் கரையில் துறைமுகம் இல்லாத பல ஊர்களில் இன்று இதை இழுப்பது டிராக்டர்தான்.

அந்த இழுவையை ஒருமுறை பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். படகின் மூக்கு மணலில் குத்தியதும் கயிற்றைக் கொக்கியில் மாட்டுகிறார்கள். படகைச் சுற்றிப் பத்துப் பேர் கை வைத்து நிற்கிறார்கள். வண்டி வெடுக்கென்று கிளம்பினால் கயிறு அறுந்து யார்மேலாவது அடிக்கும். இல்லாவிட்டால் படகின் முன்வளையம் பிய்ந்துகொண்டு வரும். அதனால் டிரைவர் கிளட்ச்சை முழுதாக விடாமல் பாதியில் பிடித்து வண்டியை ஊர விடுகிறார். நாலாவது படகு மேலேறும்போது கருகல் வாடை வருகிறது. எரிவது கிளட்ச் பிளேட்.

கிளட்ச்சே இல்லாமல் மிதியை அழுத்தும் அளவுக்கேற்ப மெல்ல ஊரும் டிராக்டர் இருக்கிறது. அதன் பெயர் ஹைட்ரோஸ்டாட்டிக். குப்பத்துக்கு அது தோதுப்படுமா?

முதலில் நாம் அறிந்த கியர் வண்டி. எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றுகிறது. லோ கியரில் மணிக்கு 2 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டியின் பின்சக்கரம் நிமிடத்துக்கு எட்டுச் சுற்றுதான் சுற்றும். நடுவில் இருக்கும் பற்சக்கரங்கள் வேகத்தை இருநூற்றைம்பதில் ஒரு பங்காகக் குறைத்து, முறுக்குவிசையை ஏறத்தாழ அதே மடங்கு கூட்டுகின்றன. பல்லோடு பல் பொருந்திச் சுற்றுவதால் வழியில் வீணாவது குறைவு. நூறு பங்கு சக்தி உள்ளே போனால் தொண்ணூறு பங்கு சக்கரத்துக்கு வந்துவிடும். குறை ஒன்றுதான்: படிக்கட்டு மாதிரி, முதல் கியர், இரண்டாம் கியர் என்றுதான் ஏற முடியும். இரண்டு படிக்கு நடுவில் நிற்க வேண்டுமானால் கிளட்ச்தான் தேய வேண்டும்.

ஹைட்ரோஸ்டாட்டிக்கில் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவே வேகத்தை மாற்றுவது எண்ணெய். தெருமுனை அடிபம்பை நினைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடியை முழு வீச்சில் அடித்தால் குடம் சீக்கிரம் நிறைகிறது, அரை வீச்சில் அடித்தால் பாதித் தண்ணீர்தான் வருகிறது. இந்த வண்டியில் விரல் தடிமனில் அப்படிப்பட்ட பம்புகள் பெரும்பாலும் ஒன்பது, ஓர் உருளைக்குள் வட்டமாக நிற்கின்றன. உருளை சுற்றும்போது அவற்றை அடிப்பது எதிரே சாய்ந்து நிற்கும் ஒரு தட்டு. மிதியை அழுத்த அழுத்தத் தட்டின் சாய்வு கூடுகிறது, வீச்சும் கூடுகிறது, எண்ணெய் அதிகமாகப் பாய்கிறது. அந்த எண்ணெய் இன்னொரு பக்கம் ஒரு மோட்டாரைச் சுழற்றி வண்டியை நகர்த்துகிறது. தட்டு நேராக நின்றால் எண்ணெய் நகராது, வண்டியும் நிற்கும். மறுபக்கம் சாய்ந்தால் வண்டி பின்னால் போகும். படியே கிடையாது, எல்லாம் சரிவுப் பாதை.

பிரிட்டனின் தேசிய வேளாண் பொறியியல் நிறுவனம் 1954இல் இப்படி ஒரு டிராக்டரை ஓட்டிக் காட்டியது. அமெரிக்காவின் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் 1967இல் விற்பனைக்கே கொண்டுவந்தது. இன்று அங்கே புல்வெட்டவும் மண் அள்ளவும் பயன்படும் சிறு டிராக்டர்களில் இதுதான் பரவலாக ஓடுகிறது. நம் மகிந்திரா பெயரிலேயே அங்கு ஹைட்ரோஸ்டாட்டிக் வண்டிகள் விற்கின்றன.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். சம்பா அறுவடையின்போது பொன்னேரி, மீஞ்சூர் பக்கம் வயலில் இறங்கும் பெல்ட் வண்டியைப் பாருங்கள். குபோட்டா போன்ற அந்த அறுவடை இயந்திரங்கள் ஹைட்ரோஸ்டாட்டிக்தான். காரணம் இருக்கிறது. கதிரடிக்கும் உருளை எப்போதும் ஒரே வேகத்தில் சுற்ற வேண்டும். அது தளர்ந்தால் நெல் வைக்கோலோடு போய்விடும். ஆனால் பயிர் சாய்ந்து கிடக்கும் இடத்தில் வண்டி மட்டும் மெதுவாகப் போக வேண்டும். எஞ்சின் வேகத்தைத் தொடாமல் வண்டி வேகத்தை மட்டும் குறைக்க எண்ணெய் வழியைப் போலச் சுலபமானது வேறில்லை. அந்த வேலைக்கு அது முழுத் தகுதி உள்ள இயந்திரம்.

படகு இழுப்பது வேறு வேலை. எண்ணெய் உரசியும் கசிந்தும் ஓடுவதில் சக்தி வீணாகிறது. நூறில் எழுபத்தைந்து, எண்பது பங்குதான் சக்கரத்துக்கு வரும். 45 குதிரைத்திறன் வண்டியில் கால்பங்கு போனால், முழு இழுவையில் வீட்டு கெய்சர் நான்கைச் சேர்த்துப் போட்ட அளவு சூடு எண்ணெயில் ஏறுகிறது. அந்தச் சூட்டை இறக்கும் கூலரின் தகடுகளில் குப்பத்துக் காற்று நாளெல்லாம் உப்பையும் தூசியையும் அப்புகிறது.

அதைவிடப் பெரிய கவலை துப்புரவு. இந்தப் பம்புகள் 300 பார் வரை அழுத்தத்தில் வேலை செய்பவை. ஒரு சதுர சென்டிமீட்டர் இடத்தில் 300 கிலோ பாரம் ஏற்றியது போல. அதைத் தாங்க, உள்ளே பாகங்களுக்கு நடுவிலுள்ள இடைவெளி தலைமுடித் தடிமனில் ஒரு சிறு பங்குதான் இருக்கும். எண்ணெய் ஊற்றும் வாயைத் திறந்துவைத்த அரை நிமிடத்தில் காற்று கொண்டுவரும் பொடிமணல் போதும், அந்தப் பரப்பைக் கீறிவிட. படகை அலைவரைக்கும் தள்ளிக்கொண்டு போகும் வண்டியில் அச்சு சீல் வழியே உப்புநீரும் நுழையும். டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் எண்ணெய் பால் கலந்த டீ மாதிரி இருக்கும். கியர் பெட்டிக்கும் அது கெடுதல்தான். ஆனாலும் எண்ணெயை மாற்றும்வரை கியர் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். பம்பு பொறுக்காது. கிளட்ச் பிளேட் போனால் பக்கத்து ஊர் மெக்கானிக்கே வண்டியைப் பிரித்து மாட்டிவிடுவார். பம்பு போனால் அதற்கென்று தேர்ந்த பட்டறையைத் தேட வேண்டும். மீன்பாடு உள்ள நாளில் வண்டி படுத்தால் நட்டம் ஒரு வீட்டுக்கு அல்ல, குப்பத்துக்கே.

ஆகவே என் தீர்ப்பு கியர் வண்டிக்குத்தான். வெறும் கியர் வண்டி போதாது. கிளட்ச் கருகுவதற்குக் காரணம் டிரைவரின் காலல்ல, வண்டியின் மிகக் குறைந்த கியரின் வேகமே படகு இழுக்கத் தேவையான வேகத்தைவிட அதிகமாக இருப்பது. மணிக்கு ஒரு கிலோமீட்டருக்கும் கீழே ஊரும் கிரீப்பர் கியர் உள்ள வண்டியில் கிளட்ச்சை முழுதாக விட்டுவிட்டே படகை நகர்த்தலாம். முன்னும் பின்னும் ஒரே கைப்பிடியில் மாறும் ஷட்டில் இருந்தால் கரையில் நேரம் மிச்சம். எந்த வண்டியானாலும் மணலில் பிடிமானம் தருவது டயர்தான். தார்ச்சாலைக்கு அடித்த காற்றோடு இறக்கினால் சக்கரம் குழி பறிக்கும். கம்பெனி சொல்லும் குறைந்த அளவுக்குக் காற்றை இறக்கிவிடுங்கள், டயர் பரந்து உட்காரும்.

டிராக்டர் வாங்கப் போகும் குப்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். ஷோரூம் வாசலில் ஓட்டிப் பார்த்துப் பணம் கட்டாதீர்கள். வண்டியை உங்கள் கரைக்கே வரச் சொல்லுங்கள். வலையோடும் எஞ்சினோடும் இருக்கும் படகைக் கட்டி, இருப்பதிலேயே மிகக் குறைந்த கியரில் போட்டு, ஐடிலுக்குச் சற்று மேலே வைத்து, கிளட்ச்சிலிருந்து காலை முழுதாக எடுக்கச் சொல்லுங்கள். எஞ்சின் அணையாமல், கயிறு வெட்டாமல் படகு நகர்ந்தால் அதன் பிறகு விலை பேசுங்கள்.